பால்மரக் காட்டில் தாய்ப்பால்: சிம்பாங் பூலாய் வட்டாரச் சொற்கள் காட்டும் வரலாறு

ஈப்போ நகரிலிருந்து தெற்கே கோப்பேங் செல்லும் சாலையில் சிம்பாங் பூலாய் அமைந்துள்ளது. கிழக்கே சுண்ணாம்புக் குன்றுகளையும் கேமரன் மலையையும் நோக்கி ஒரு சாலையும், மேற்கே பத்துகாஜாவை நோக்கி மற்றொரு சாலையும் அங்கிருந்து பிரிகின்றன. ‘சிம்பாங்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சந்தி என்று பொருள். ‘பூலாய்’ ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தைத் தமிழர் ஏழிலைப்பாலை என்பர். கிள்ளினால் பால் வடியும் மரம் அது. கசப்பான அதன் பட்டை காய்ச்சலுக்கு மருந்தாயிற்று. பூலாய், பாலை என்னும் இவ்விரு பெயர்களின் ஒலி ஒப்புமையைக் கண்டு மாணவர் அவசரப்பட வேண்டா. ஒலி ஒத்திருப்பது மட்டுமே வேர் ஒன்றாக இருந்ததற்குச் சான்றாகாது. ஆயினும் பால் வடியும் மரத்தின் பெயரைத் தாங்கிய சந்தியைச் சுற்றி, பால்மரத் தோட்டங்களில் தமிழர் மூன்று நான்கு தலைமுறைகள் உழைத்தனர் என்பது உண்மை. அத்தோட்டங்களில் குழந்தை பெற்ற பெண்கள் தம் பிள்ளைகளுக்குப் பாலூட்ட முடிந்ததா, முடியாமற் போனது எதனால், துணை நின்றவர் யாவர் என்பவற்றையே இவ்வுரையில் ஆராய்கிறோம்.

மொழியியலாளர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். தோட்டத்துப் பெண்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. துரைமாரும் மருத்துவ அதிகாரிகளும் எழுதிய அறிக்கைகளில் அப்பெண்கள் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றனர். அவர்கள் விட்டுச் சென்ற ஆவணம் அவர்களின் பேச்சு. சிம்பாங் பூலாய், கோப்பேங், பத்துகாஜா வட்டாரத்து முதிய பெண்மணிகளிடம் நாம் பல ஆண்டுகளாகக் கேட்டுத் தொகுத்த சொற்களே இவ்வுரையின் முதற்சான்று. அச்சிட்ட சான்றுகளை அவற்றின் அருகே வைத்துப் பார்ப்போம்.

முதலில் ‘பால்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த நாற்பதாண்டுகளுக்குள் மலாயாவின் மேற்குக் கரை முழுவதும் இரப்பர்க் காடாயிற்று. தமிழர் அம்மரத்துக்குப் புதுப்பெயர் தேடி அலையவில்லை. வெட்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை என்று பால் வடியும் மரங்களுக்கு முன்னோர் பெயரிட்ட வழியிலேயே ‘பால்மரம்’ என்றனர். மரத்தைச் சீவுவது பால்மரம் வெட்டுதல் ஆயிற்று. மங்கில் வடிவது பால். பட்டையிலும் மங்கிலும் உறைந்தது ஒட்டுப்பால். சுமக்கும் கலம் பால்வாளி. இதன் விளைவாகத் தோட்டத்தில் ‘பால்’ என்று மட்டும் சொன்னால் அது மரத்தின் பாலையே குறித்தது. தாயின் பாலைக் குறிக்க ‘தாய்ப்பால்’ என்றோ ‘மார்ப்பால்’ என்றோ அடைகொடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அடையின்றி நிற்கும் சொல்லே ஒரு சமூகத்தின் அன்றாடத்தில் முதலிடம் பெற்ற பொருளைக் காட்டும் என்பது சொற்பொருளியலில் நாம் கற்பிக்கும் பாடம். அப்பாடத்துக்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டியதில்லை.

இவ்விரு பால்களுக்கும் பெயர் மட்டுமன்றி நேரமும் ஒன்றாக இருந்தது. இரப்பர் மரத்தின் பாற்குழாய்களில் விடியற்காலையில் அழுத்தம் மிகும்; வெயில் ஏறினால் குறையும். ஆதலால் இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுக்கப்பட்டு, தலைவெளிச்சம் வந்ததும் வெட்டு தொடங்கிவிடும். தாயின் உடலிலோ பால் சுரப்பதற்குத் தூண்டுகோலான இயக்குநீர் இரவில் மிகுந்து சுரக்கின்றது. பின்னிரவிலும் காலையிலும் மார்பு நிறைந்திருக்கும். குழந்தையும் அந்நேரத்தில் தான் அழும். மரமும் குழந்தையும் ஒரே வேளையில் ஒரே பெண்ணைக் கேட்டன. மரத்துக்குக் கங்காணி இருந்தார்.

அவள் நாள் எவ்வாறு கழிந்தது என்பதை முதியோர் வாய்மொழி ஏறக்குறைய ஒன்றுபோலவே கூறுகிறது. நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவாள். ஐந்து, ஐந்தரை மணிக்குள் குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். தன் நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடிக்கப் பத்து மணி ஆகும். வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாவில் தொங்கவிட்ட வாளிகளோடு நிறுவைக் கொட்டகைக்கு வந்து, எடை போட்டு முடித்து லயத்துக்குத் திரும்ப நண்பகல் கடந்துவிடும். ஆக, ஏழெட்டு மணி நேரம் தாயும் சேயும் பிரிந்திருந்தனர். நிரை லயத்துக்கு அருகில் இருந்தால் வெட்டு முடிந்த இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்தவர்கள் உண்டு. குன்றின் மறுபக்கத்தில் நிரை வாய்த்தவளுக்கு அந்தப் பேறும் இல்லை. சிலர் குழந்தையைக் காட்டுக்கே தூக்கிச் சென்று சேலைத் தூளி கட்டிப் பார்த்தனர். கொசுவும் அட்டையும் மழையும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. வேலைக்குப் போகாமல் இருக்கலாமே என்பார்க்கு ஒரு விடை: 1920களின் பிற்பகுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசாகவும் பெண்ணுக்கு 40 காசாகவும் இருந்தது. அந்த 40 காசு இல்லாமல் லயத்தில் உலை கொதிக்காது.

இனி ‘ஆயாக் கொட்டகை’ என்னும் சொல்லைக் காண்போம். பேச்சில் அது ‘ஆயாக்கொட்டாய்’. ‘ஆயா’ போர்ச்சுகீசிய மொழியிலிருந்து இந்தியா வழியாக வந்த சொல். அம்மொழியில் பிள்ளை வளர்க்கும் செவிலியைக் குறிக்கும். வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்த பணிப்பெண்ணைக் குறித்த அச்சொல், மலாயாத் தோட்டத்தில் தொழிலாளர் பிள்ளைகளைக் காக்கும் மூதாட்டியைக் குறிக்கலாயிற்று. வெட்டுக்குப் போக முடியாத வயதில் இருந்த ஒரு பாட்டிக்கே பெரும்பாலும் அவ்வேலை கிட்டியது. கொட்டகை என்னும் சொல் மாட்டுக்கும் வரும், கூத்துக்கும் வரும் என்பதை நினைவிற்கொள்க. இலங்கை மலையகத்தார் இதையே ‘பிள்ளைக் காம்பரா’ என்றனர். காம்பரா என்பதாவது ஓர் அறை.

இக்கொட்டகைகள் துரைமாரின் இரக்கத்தால் மட்டும் எழுந்தவை அல்ல. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் பிரசவ உதவித்தொகைக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் இடம் இருந்தது. தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் தோன்றக் காரணமான சட்டத் தொகுப்பும் இதுவே. ஆசிரியர்கள் அதை நன்கறிவர். பள்ளிக்கூடத்தின் வரலாற்றை நாம் எழுதிவிட்டோம். நூற்றாண்டு மலர்கள் வெளியிட்டோம். அதே சட்டத்தின் பிள்ளையான ஆயாக் கொட்டகைக்கு ஒரு மலரும் இல்லை. அங்கு எழுத்துக் கற்பிக்கப்படவில்லை என்பது காரணமாக இருக்கலாம். பள்ளிக்குப் போகும் வயது வரை பிள்ளை உயிரோடிருந்ததற்கு அக்கொட்டகையும் காரணம் அன்றோ!

ஆனால் அச்சட்டத்தில் ஒரு குறை இருந்தது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1919இல் வாசிங்டனில் கூடியபோது நிறைவேற்றிய மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கை, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளொன்றுக்கு இருமுறை அரைமணி நேரம் ஒதுக்கவேண்டும் என்றது. அது தொழிற்சாலை, வணிக நிறுவனப் பெண்களுக்கானது. பயிர்த்தொழிலில் உழைத்தவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. மலாயாத் தோட்டத்தில் பிள்ளையை வைக்க இடம் தந்தார்கள். பிள்ளையிடம் போக நேரம் தரவில்லை. கொட்டகை தாயையும் சேயையும் இணைக்கும் இடமாக அமையாமல், பிரித்து வைக்கும் இடமாகவே அமைந்தது. கொட்டகையில் அழுத பிள்ளைக்கு ஆயா கொடுத்தது என்ன என்று கேட்டால் வரும் விடைகள் நான்கு: கஞ்சித்தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேநீரில் நனைத்த ரொட்டி, டின் பால்.

டின் பாலின் கதை தனியே சொல்லத் தக்கது. சுவிட்சர்லாந்தில் தோன்றிய ஆங்கிலோ-சுவிஸ் பால் நிறுவனம், பின்னாளில் நெஸ்லே என்னும் பெயரால் அறியப்படுவது, 1912இல் பினாங்கில் கடை திறந்தது. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே மலாயாச் செய்தித்தாள்களில் டின் பால் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. காலனித்துவ மலாயாவில் புட்டிப்பால் பரவிய வரலாற்றை லெனோர் மாண்டர்சன் என்னும் ஆய்வாளர் 1980களின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதியுள்ளார். இனிப்பூட்டிக் கெட்டியாக்கிய அப்பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. கெட்டுப்போகாமல் இருப்பதற்காகச் சேர்த்த சர்க்கரை அது. கொழுப்பு நீக்கிய பாலிற் செய்த மலிவான வகையில் உயிர்ச்சத்து ஏ இல்லை. அதையே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்ணொளி கெடும். தோட்டத்தில் குடிநீர் எங்கிருந்து வந்தது, விறகு எவ்வளவு கிடைத்தது, புட்டியைக் கொதிக்க வைக்க யாருக்கு நேரம் இருந்தது என்பனவற்றை எண்ணிப் பார்த்தால், வயிற்றுப்போக்கால் பிள்ளைகள் மடிந்ததன் காரணம் விளங்கும். விலையும் கனமானதால் ஒரு டின்னைப் பல நாள் இழுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் கூடக் கூடப் பால் வெளுப்பாகத் தெரியும், பிள்ளை மெலியும்.

இதை வெளிப்படையாகச் சொன்னவர் ஒரு பெண் மருத்துவர். சிசிலி வில்லியம்ஸ் 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். இன்று கானா எனப்படும் பொற்கடற்கரைப் பகுதியில் பணியாற்றியபோது, தாய்ப்பால் மறந்த பிள்ளைகளுக்கு வரும் சத்துக்குறை நோயை, அவ்வூர்த் தாய்மார் வழங்கிய குவாஷியோர்கர் என்னும் பெயராலேயே மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தவர். மக்கள் வழங்கிய சொல்லை மதித்து ஏற்ற மருத்துவர் என்பதால் மொழியியலாளர் அவருக்குக் கடன்பட்டவர்கள். 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்ட அவர், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்று பொருள்படும். பிள்ளைகளுக்குப் பொருந்தாத பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று பரப்புவதைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதவேண்டும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையாகவே எண்ணவேண்டும் என்று அவர் அவ்வுரையில் வாதிட்டார். கேட்டவர்கள் நகரத்து வணிகர்களும் அதிகாரிகளும். போர் வந்தது, அவரும் சாங்கி முகாமில் அடைபட்டார். அவ்வுரை பல ஆண்டுகள் கழித்தே உலகின் கவனத்துக்கு வந்தது.

அக்கால அறிக்கைகள் பலவற்றில் பிள்ளைச் சாவுக்குக் கூறப்படும் காரணம் ‘தாய்மாரின் அறியாமை’. நம்மவரும் இதைத் திருப்பிச் சொன்னோம். சீர்திருத்த மேடைகளில் தோட்டத்துத் தாய்க்கு அறிவுரை வழங்கியவர் பலர். அவளுக்கு அரைமணி நேரம் வாங்கிக்கொடுக்க முனைந்தவர் சிலரே. 1936இல் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்ததையும், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதையும் நாம் பெருமையோடு கற்பிக்கிறோம், கற்பிக்கத்தான் வேண்டும். கூலியும் லயமும் பேசப்பட்ட அளவுக்குப் பாலூட்டும் நேரம் பேசப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு. நாம் சந்தித்த மூதாட்டிகளிடம், பிள்ளைக்குத் தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தீர்கள் என்று கேட்டால் மீண்டும் மீண்டும் வந்த விடைகள் இரண்டு: ‘பால் பத்தல’, ‘பால் வத்திப்போச்சு’. இரண்டிலும் எழுவாய் பால். இரண்டும் தன்வினை. வற்றுதல் தன்வினை, வற்றச்செய்தல் பிறவினை என்று எட்டாம் வகுப்பிலேயே பாடம் நடத்துகிறோம். பால் தானே வற்றியதா, வற்றச்செய்யப்பட்டதா? உடலியல் கூறும் விடை தெளிவானது. மார்பிலிருந்து பால் எடுக்கப்படும் அளவுக்கேற்பவே மேலும் சுரக்கும். எடுக்கப்படாமல் தேங்கினால் சுரப்பு குறையும். இறைத்த கிணறு ஊறும் என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்வது இங்கு அப்படியே பொருந்தும். நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் இறைக்கப்படாத கிணறு வற்றாமல் என்ன செய்யும்? கொக்கிப்புழுவும் மலேரியாவும் குருதியை உறிஞ்சிய உடல் அது என்பதையும் கூட்டிக்கொள்க. இருந்தும் எண்பது வயதுப் பாட்டி ஒருவர், தம் உடம்பிலேதான் ஏதோ குறை என்று அறுபதாண்டுகளாக நம்பி வந்ததை எம்மிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறவினையாய் நிகழ்ந்ததைத் தன்வினையாய்ச் சொல்லிச் சொல்லி, பழி முழுவதும் அவர்மேல் வந்து படிந்திருந்தது.

துணை நின்றவர்களைப் பற்றியும் சொற்களே பேசுகின்றன. பிள்ளை பெற்றவள் ‘பச்சையுடம்புக்காரி’. அவளுக்கென்று வேலை விலக்கும் பத்தியமும் உண்டு. இஞ்சி, மிளகு, பூண்டு, ஓமம் முதலியவற்றை அரைத்துத் தருவது ‘காயம்’. பால் சுரக்கப் பால்சுறா மீன், முருங்கைக்கீரை, பூண்டு. பால் கட்டி வலித்தால் வெந்நீர் ஒற்றடம். பிள்ளை இறந்துபோனால் சுரக்கும் பாலை நிறுத்த மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவர். 1988இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அம்மல்லிகை மருத்துவத்தைச் சோதித்து, பயனுள்ளதென்றே கண்டனர். இத்தகைய அறிவைக் கையில் வைத்திருந்தவள் மருத்துவச்சி. லயத்து அண்டைவீட்டாரும் அதில் பங்குகொண்டனர். ஒருத்தியின் பிள்ளைக்கு மற்றொருத்தி பால் கொடுத்ததும் உண்டு. ‘அவன் நான் பால் கொடுத்த பிள்ளை’ என்று ஒரு சாதிக்காரி மற்றொரு சாதிக்காரியின் மகனைச் சுட்டிப் பேசியதைக் கேட்டபோது, லயம் ஊரிலிருந்து கொண்டுவந்த சில சுவர்களை இடித்ததும் உண்டு என்று அறிந்தோம்.

எல்லாவற்றையும் போற்றுவதற்கில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வரும் சீம்பாலைக் கெட்டபால் என்று பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சேனைத் தண்ணீர் வைத்த வழக்கம் நம்முடையதே. நோயெதிர்ப்பு ஆற்றல் மிகுந்த அப்பால் வீணானதற்குத் துரையைக் குறைகூற முடியாது.

பாலூட்டும் தாயைத் தனியே விட்டுவிடாத மரபு நம் மொழியில் மிகப் பழையது. தொல்காப்பியம் முதலாக அகப்பாட்டு உலகில் நற்றாயோடு செவிலித்தாயும் நிற்கிறாள். ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய் என ஐவகைத் தாயரைப் பழைய நூல்கள் எண்ணுகின்றன. மருத்துவமனைப் பணிப்பெண்ணைத் தமிழ்நாட்டார் இன்று செவிலியர் என்கின்றனர். மலேசியத் தமிழர் தாதியர் என்கின்றோம். ‘தாத்ரி’ என்னும் வடசொல் வழிவந்த ‘தாதி’யும் பாலூட்டி வளர்ப்பவளையே முதலில் குறித்தது. ஆக, இருவரும் வழங்கும் சொல்லின் அடியில் பிறர் பிள்ளையைப் பேணிய ஒரு பெண் இருக்கிறாள். இந்த ஐவகைத் தாயரும் செல்வர் மனைக்குரியவர்கள் என்பது வேறு செய்தி. லயத்தில் ஐவருக்கும் ஈடாக நின்றவள் ஓர் ஆயா.

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள் தம் முதலாளியரின் பிள்ளைகளுக்குப் பாலூட்ட வைக்கப்பட்டனர். தம் பிள்ளைகளைப் பருத்திக் காட்டுக்குப் போகுமுன் கிழவிகளிடம் விட்டுச் சென்றனர். அடிமைமுறை ஒழிந்த பின்னும், குறைந்த கூலியும் விடுப்பில்லா வேலையும் புட்டியையே அவர்கள் கையில் திணித்தன. 1946இல் வட கரோலினா மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் நான்கு பெண்கள் பிறந்தபோது, பிரசவம் பார்த்த மருத்துவரே டின் பால் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அக்குழந்தைகளின் படங்கள் கறுப்பின மக்களிடையே அப்பாலை விற்றுக் கொடுத்தன. இன்றும் அந்நாட்டில் தாய்ப்பால் ஊட்டத் தொடங்கும் தாய்மார் விகிதம் கறுப்பினத்தாரிடையே வெள்ளையரைவிடக் குறைவு. அதை மாற்றும் முயற்சியாக மூன்று கறுப்பினப் பெண்கள் 2013இல் தொடங்கியதே ஆகஸ்டு இறுதியில் கொண்டாடப்படும் கறுப்பினத் தாய்ப்பால் வாரம். அவர்கள் வரலாறும் நம் வரலாறும் ஒன்றல்ல. அடிமைமுறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல. ஆயினும் பிறர்க்காகப் பால் சுரக்க வேண்டியிருந்த உடலுக்குத் தன் பிள்ளையிடம் வரும்போது நேரம் இல்லாமற் போனதை இருவரும் அறிவர்.

விடுதலைக்குப் பின் வந்த காலத்தை விரைந்து கடப்போம். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சிம்பாங் பூலாய்ச் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் புந்தோங், சிலிபின் போன்ற ஈப்போக் குடியிருப்புகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெயர்ந்தன. தாய்ப்பால் ஊட்டுவது நாடு முழுவதும் எல்லா இனத்தாரிடமும் குறைந்த காலம் அது. 1976-77இல் நடந்த மலேசியக் குடும்ப வாழ்க்கை அளவீட்டை வைத்துப் பட்ஸ், ஹபிக்ட், டவான்சோ ஆகிய மூவர் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குழாய்நீரும் கழிவறையும் இல்லாத வீடுகளில் தாய்ப்பால் குழந்தையின் உயிரைக் காப்பதில் மிகப்பெரும் பங்கு வகித்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. லயத்தில் தாய்ப்பாலை இழந்த பிள்ளை, அது மிகவும் தேவைப்பட்ட வீட்டில் அதை இழந்தது.

மாற்றம் தொடங்கிய இடங்களுள் ஒன்று நமக்கு அண்மையிலேயே இருந்தது. 1979இல் மலேசியா குழந்தைப் பால்மாவு விற்பனைக்கான நன்னெறி விதிகளை வகுத்தது. உலக நல நிறுவனத்தின் அனைத்துலக விதித்தொகுப்பு 1981இல் தான் வந்தது. அதே 1979இல் உலகக் குழந்தையுணவுச் செயற்பாட்டு வலையமைப்பு தோன்றியபோது முன்னின்றவர்களுள் ஒருவர் பினாங்கின் அன்வார் பசால். 1991இல் அமைந்த உலகத் தாய்ப்பால் கூட்டணியும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரம் 1992இல் அங்கிருந்து புறப்பட்டது. டின் பால் கடை திறந்த தீவிலிருந்தே அதற்கு மறுப்பும் எழுந்தது. 1993இல் தேசியத் தாய்ப்பால் கொள்கை வகுக்கப்பட்டு, 2005இல் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று திருத்தப்பட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் ஊட்டுவோர் 2006ஆம் ஆண்டுத் தேசிய நல அளவீட்டில் 14.5 விழுக்காடு, 2016இல் 47.1 விழுக்காடு. மருத்துவமனைகளின் உழைப்புக்கு இதில் பெரும் பங்குண்டு, பாராட்ட வேண்டும்.

ஆனால் பழைய கணக்கு இன்னும் தீரவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி தனியார் துறைப் பெண்ணுக்கு மகப்பேற்று விடுப்பு 60 நாள். 2023 சனவரி முதல் நாளிலிருந்து தான் அது 98 நாளாயிற்று. 98 நாள் என்பது 14 வாரம்; ஆறு மாதம் என்பது 26 வாரம். இடைப்பட்ட 12 வாரம் அவள் என்ன செய்வாள்? வேலை நேரத்தில் பாலூட்டவோ பாலை எடுத்துவைக்கவோ இடைவேளை தரவேண்டும் என்று நம் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரு இடைவேளை தந்துள்ளது. தமிழ்நாட்டில் 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் அமைந்தன; அவற்றுட் சில பூட்டிக் கிடக்கின்றன என்று அங்குள்ள நண்பர்கள் குறைப்படுவதையும் மறைப்பதற்கில்லை. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலைபார்க்கும் இளம்பெண் ஒருவர், உணவு இடைவேளையில் கழிவறையில் நின்றபடி பால் எடுப்பதாக எம்மிடம் கூறினார். அவர் பாட்டி சிம்பாங் பூலாய்க்கருகே பால்மரம் வெட்டியவர். பாட்டியின் சொற்களைத் தொகுக்கச் சென்ற இடத்தில் பேத்தியின் சொற்களும் கிடைத்தன.

அவர் சொல்லிய சொல் ‘பம்ப் பண்றேன்’. எடுத்த பாலுக்கு அவர் சொன்னது ‘சூசு இபு’. மருத்துவமனைத் துண்டறிக்கையின் மலாய்ச் சொல் அது. இச்செயலுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று சொல்லாக்கக் குழு ஒன்றில் பேச்சு எழுந்தபோது, ‘பால் கறத்தல்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். அது மாட்டுக்குரிய சொல், தாய்க்குப் பொருந்தாது என்று அவையில் முகஞ்சுளித்தனர். ‘பீய்ச்சுதல்’ கொச்சை என்றனர். ‘வெளியேற்றுதல்’ நோயாளிக்குரியதுபோல் ஒலித்தது. நாம் அன்று எழுந்து ஒன்று மட்டும் கூறினோம். சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையம்மை பால் அளித்ததைப் பாடும் சேக்கிழார், அம்மை தம் பாலை வள்ளத்திற் கறந்து ஊட்டியதாகவே, அதே வினைச்சொல்லால் கூறுகிறார். கலத்தில் எடுத்த தாய்ப்பாலைச் சங்காலும் பாலாடையாலும் புகட்டும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. குறைமாதப் பிள்ளைகளுக்கு இந்திய மருத்துவமனைகளில் இன்றும் பாலாடையே பயன்படுகிறது.

குழு முடிவெடுக்காமல் கலைந்தது. நாம் தொகுத்துவரும் வட்டாரச் சொல்லடைவில் ‘கறத்தல்’ என்னும் பதிவின்கீழ் மூன்றாம் பொருளாக அதைச் சேர்த்துள்ளோம். ‘ஆயாக் கொட்டகை’க்கு இரண்டு பக்கம் ஒதுக்கியுள்ளோம். பெரட்டு, நிரை, காண்டா, மங்கு ஆகிய சொற்களை அறிந்த பாட்டிமார் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் வீட்டு மூதாட்டிகளிடம், பிள்ளைக்குப் பால் கொடுக்கக் காட்டிலிருந்து எத்தனை மணிக்கு வந்தீர்கள், யார் அனுமதித்தார் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை மாற்றாமல் எழுதி அனுப்பினால் அப்பக்கங்கள் நிறையும்.